கெடிலக் கரையை ரைன் பள்ளத்தாக்கு ஓவியத்தின் முறையில் தீட்டுவது எப்படி?

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வாழ்ந்த கிறிஸ்டியன் கியோர்க் ஷூட்ஸ் (1718–1791) ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பலமுறை தீட்டியவர். ஜெர்மன் கவிஞர் கோதேயின் தந்தையும் அவருடைய ஓவியங்களை விரும்பி வாங்கினார். அவற்றில் ஆறு நம் காலடியில் தொடங்கி நெடுந்தொலைவு விலகிச் செல்வதாகத் தோன்றக் காரணம் நுணுக்கமான கோடுகள் மட்டுமல்ல, வண்ணம் படிப்படியாக வெளிறுவதுமாகும். கடலூரின் கெடிலம் ஆற்றங்கரையில் இதைப் பழக, மார்கழிக் காலையில் திருவந்திபுரத்து ஔஷதகிரிப் படிகளில் ஏறுங்கள். ஆற்றில் நீரும் இருக்கும், தொலைவில் மெல்லிய பனியும் நிற்கும்.

முதலில் கேன்வாஸ் முழுவதும் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லியதாகப் பூசி உலர விடுங்கள். பிறகு, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடிவானக் கோட்டை இட்டு, மீதி முழுவதையும் வானத்துக்கே விட்டுவிடுங்கள். வானத்தை முதலில் தீட்ட வேண்டும். அடிவானத்தை நெருங்க நெருங்க வெள்ளையில் சிறிது எல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள் சேர வேண்டும்.

அடுத்தது தொலைவு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தென்னந்தோப்பு பச்சை என்று மனத்துக்குத் தெரிவதால் கை பச்சையைத் தேடுகிறது. ஆனால் இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், கண்ணுக்கு அந்தத் தோப்பு சாம்பல் கலந்த நீலமாகவே தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பிரஷ்யன் ப்ளூ இதற்கு மிகவும் ஏற்றது. அதன் வீரியம் அதிகம். ஒரு சுண்டைக்காயளவு வெள்ளைக்கு அரிசி நுனியளவு போதும். நான் முதன்முறை தாராளமாக எடுத்துவிட்டு, தோப்பு முழுவதையும் சுரண்டி எடுக்க நேர்ந்தது. தென்னையின் தலைகளை ஓலை ஓலையாக வரையாமல், உலர்ந்த பிரஷால் ஒற்றி எடுங்கள்.

ஆற்றை நேராக ஓட விடாமல் வளைத்து வளைத்து விடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையட்டும். நடுவிலுள்ள வயல்களுக்கு மங்கிய பச்சை போதும்.

வானமும் தொலைவும் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு முன்புறத்துக்கு வாருங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் இதற்குச் சில நாள்கள் ஆகும். இடப்பக்கம் ஒரு புளியமரத்தை, ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாகக் கலந்த அடர்பழுப்பில், ஓவியத்தின் மேல்விளிம்பைத் தொடும்படி நிறுத்துங்கள். அதன் இருள்தான் பின்னாலுள்ள வெளிச்சத்தைத் தொலைவுக்குத் தள்ளும். அதன் நிழலில், மரத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஓர் ஆடு மேய்ப்பவரை வரைந்து, அவர் தோளிலுள்ள துண்டுக்கு மட்டும் ஒரு புள்ளி சிவப்பு வையுங்கள்.