லோக்கல்ஹோஸ்டைத் தொலைவில் வைத்துச் சோதிப்பது எப்படி?

பினாங்கு லெபோ பசாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவுக்காக ஆர்டர் செயலி ஒன்று எழுதுகிறேன். என் மடிக்கணினியில், அதாவது கணினி தன்னையே அழைக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியில், "அனுப்பு" பொத்தானைத் தட்டியதும் ரசீது வந்துவிடுகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில் நின்று தட்டுகிறவருக்கு அப்படி வராது. பதிலைக் காணோமே என்று மறுபடியும் தட்டுவார். ஒரு மூட்டை அரிசி இரண்டாகப் பதிவாகும். மாமா தலையில் அந்தக் கணக்கு விழக் கூடாது.

முதலில் பெயரை மாற்றுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் உலாவிகள் சலுகை காட்டும்: எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமலேயே கேமராவும் இருப்பிடமும் கிடைக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், லோக்கல்ஹோஸ்டின் எண்ணான 127.0.0.1-க்கு 'டெஸ்ட்' என்று முடியும் பெயரைக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். சோதனைக்கென்றே 1999 முதல் ஒதுக்கிவைத்த பெயர் ஈறு அது. 'டெவ்' வேண்டாம், அதற்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தேவைப்படும்போது, அதை உருவாக்கித் தரும் எம்கேசெர்ட் கருவி போதும்.

கைப்பேசியில் பார்க்க, வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் ஏற்கும்படி சர்வரை 0.0.0.0 முகவரியில் இயக்கி, அதே வைஃபையில் மடிக்கணினியின் 192.168 என்று தொடங்கும் எண்ணைத் தட்டுங்கள். ஹோஸ்ட்ஸ் பெயர் கைப்பேசிக்குத் தெரியாது.

தாமதம்தான் முக்கியம். குரோமின் டெவலப்பர் கருவிகளில் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் அது அந்த ஒரு தாவலுக்கு மட்டும், கருவிகள் திறந்திருக்கும் வரை மட்டும். எனக்கு, இணைப்பில் செயற்கையாகத் தாமதமும் இழப்பும் சேர்க்கும் லினக்ஸின் நெட்எம்தான் பிடிக்கும். நெட்எம்மை இயக்கும் டிசி கட்டளையால், 127.0.0.1 போக்குவரத்து செல்லும் லூப்பேக் இடைமுகத்துக்கு 100 மில்லிவிநாடித் தாமதம் கொடுத்து, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையால் பாருங்கள்: 200 காட்டும். கேள்வி ஒரு முறை, பதில் ஒரு முறை என்று இரண்டும் அதே வழியாகப் போகின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். தரவுத்தளமும் 127.0.0.1 வழியாக இணைந்திருந்தால் ஒவ்வொரு வினவலும் அதே தாமதத்தைச் சுமக்கும். பத்து வினவல் உள்ள பக்கம் இரண்டு விநாடிக்கு மேல் இழுக்கும். உண்மையான சர்வரில் அப்படி நடக்காது. தரவுத்தளத்தை, லூப்பேக் வழியே போகாத யூனிக்ஸ் சாக்கெட் இணைப்புக்கு மாற்றிவிட்டால் அது தப்பிக்கும்.

இனிப் பொத்தானை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். முதல் தட்டிலேயே பொத்தான் முடங்க வேண்டும். அது மட்டும் போதாது: ஒவ்வொரு ஆர்டருக்கும் உலாவியிலேயே ஓர் அடையாள எண் உருவாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய ரசீதையே திருப்பித் தரட்டும். இரண்டு சதவீதப் பொட்டல இழப்பையும், அதாவது தரவுத் துண்டுகள் வழியில் தொலைவதையும், நெட்எம்மில் சேர்த்துச் சோதியுங்கள்.

முடிந்ததும் நெட்எம் விதியை நீக்கிவிடுங்கள். மறந்தாலும் கணினியை மறுதொடக்கம் செய்தால் போய்விடும்.