சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகக் கார் வேண்டாம், இடிஎஸ் (ETS) என்ற மின்சார ரயில் போதும். எல்லா வண்டியும் நம் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. நேரம் பார்த்து டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். காலை வண்டிதான் நல்லது. தீபகற்ப மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங். வெயிலை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதை வரும். பேரப்பிள்ளைகளை அதற்கு முன் தூங்க விடாதீர்கள்! அப்புறம் தைப்பிங்தான், பையை எடுத்து வையுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் புக்கிட் லாருட் மலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தத் திசையிலேயே டவுன் வழியாக நடந்தால் பூங்கா. அரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), தே தாரே (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) என் வழக்கம். முட்டி வலிக்காரர்கள் கிராப் (கைபேசிச் செயலி வழி வாடகைக் கார்) பிடிக்கலாம், அதில் வெட்கமில்லை.

பழைய ஈயச் சுரங்கக் குழிகள்தான் இந்த ஏரிகள், 1880இல் பூங்காவாக்கினார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர்மேல் கிளை நீட்டும் கரைக்கு முதலில் போங்கள். மிருகக்காட்சிசாலையும் பக்கம்தான், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால் கால் கெஞ்சும். திரும்பும் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.