மோர்ஸ் அருங்காட்சியகத்தில் டிஃப்பனி கண்ணாடி: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவை ஒட்டிய வின்டர் பார்க் நகரில் இருக்கிறது சார்ல்ஸ் ஹோஸ்மர் மோர்ஸ் அருங்காட்சியகம். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃப்பனியின் (1848–1933) படைப்புகளை இவ்வளவு விரிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. கட்டடம் சிறியதுதான். ஆனாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடியை அவசரமாகப் பார்த்தால் நிறம் மட்டுமே மிஞ்சும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறன்று பிற்பகல்தான் திறப்பார்கள். சன்ரெயில் ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அது வார நாட்களில் மட்டுமே ஓடும்.

2. முதலில் சிற்றாலயம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக டிஃப்பனி அமைத்த ஆலய உட்புறம் இது. வெளியே சுள்ளென்ற வெயில், உள்ளே மங்கிய ஒளி. நுழைந்ததும் எல்லாம் இருட்டாகத் தெரியும். பலர் அதோடு வெளியேறிவிடுகிறார்கள். கண் பழகும்வரை சில நிமிடம் நில்லுங்கள். பிறகு இடமும் வலமுமாக மெல்ல நகருங்கள். மொசைக் சில்லுகள் ஒவ்வொன்றாக மின்னி அணைவது அப்போதுதான் தெரியும்.

3. சன்னல்களை மூன்று விதமாகப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். அடுத்து, ஊழியர்கள் அனுமதிக்கும் எல்லைவரை நெருங்குங்கள். முகம், கைகளில் மட்டும் தூரிகை வேலை இருக்கும். மற்ற நிறமெல்லாம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே கலந்தது. உடை மடிப்புகளைக் கவனியுங்கள்: கண்ணாடி சூடாக இளகியிருக்கும்போதே தள்ளியும் இழுத்தும் உண்டாக்கிய மடிப்புகள் அவை. தொலைவிலுள்ள இலைக்கூட்டத்துக்கு, மெல்லிய வண்ணச் செதில்கள் பதிந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். கடைசியாக, பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடிகள்தான் படத்துக்கு ஆழம் தருகின்றன. கண்ணாடித் துண்டுகளைச் சேர்க்கும் ஈயப் பட்டையும் வெறும் இணைப்பு அல்ல, கிளையையும் தண்டையும் வரையும் கோடு அதுவே. பூநாரைகளுக்கு இரை தரும் பெண்ணின் சன்னலைத் தவறவிடாதீர்கள். அதுவும் 1893 கண்காட்சிக்குப் போனது.

4. விளக்குகள். இங்கே ஈயப் பட்டை உதவாது. வளைந்த கூண்டில் சிறு துண்டுகளைப் பொருத்த அது தடிமன். அதனால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, கூண்டின் வடிவத்தில் செய்த அச்சின்மேல் அடுக்கி, பற்றவைத்தார்கள். சற்றுக் குனிந்து, மேசையருகே உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் பாருங்கள். அந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டவை இவை. இவற்றில் பலவற்றை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால். கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெயர்ப்பலகையில் டிஃப்பனியை மட்டும் படித்துவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அநீதி.

5. லாரல்டன் ஹால் பிரிவு. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1905இல் டிஃப்பனி கட்டிமுடித்த மாளிகை 1957இல் தீக்கிரையானது. இந்த அருங்காட்சியகத்தை உருவாக்கிய ஹ்யூ மெக்கீன், ஜெனட் மெக்கீன் தம்பதியர் மீட்டுக் கொண்டுவந்தவைதான் இங்கே இருக்கின்றன. அந்த மாளிகையின் டாஃபடில் முற்றத்தில் பளிங்குத் தூண்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் தலையை நிமிர்த்துங்கள்: தூண்களின் உச்சியில் கொத்துக் கொத்தாக இருக்கும் டாஃபடில் பூக்கள் கண்ணாடியில் செய்தவை.