மலைப்பாதையில் கையடக்க ஜி.பி.எஸ்.: திரும்பும் வழியை முதலில் பதியுங்கள்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பழைய நடைபாதையில் 1,500 மீட்டர் அளவுக்கு உயர வேறுபாடு உண்டு. மேலே சோலைமரங்களும் மூடுபனியும், நடுவில் தோட்டங்களுக்கும் ஓடைகளுக்கும் பிரிந்து போகும் ஒற்றையடிப்பாதைகள், கீழே வெயில் காயும் சரிவு என்று ஒரே நடையில் மூன்று விதமான நிலம் வருவதால், கையடக்க ஜி.பி.எஸ். கருவியால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை. கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் அந்தப் பாதையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வனத்துறையின் அனுமதியோடும், பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையோடும்தான் அங்கே நடக்க வேண்டும். கருவி அவ்விரண்டுக்கும் மாற்றாகாது.

இந்தக் கருவியை வாங்குபவர்களில் பெரும்பாலோர், போக வேண்டிய இடத்தை அது காட்டும் என்று எண்ணியே வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் அதன் முதன்மையான பயன் வேறு. நாம் வந்த வழியை ஓரடிகூட மறக்காமல் வைத்திருந்து, பனி இறங்கிய பின்னும் இருட்டிய பின்னும் அதே வழியில் நம்மைத் திருப்பி அழைத்து வருவதே அதன் பெரும்பணி. அந்தப் பணியை அது செய்ய வேண்டுமானால், நடை தொடங்கும் முன்பே நாம் சிலவற்றைச் செய்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கருவி பெற்று, ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து தன் இடத்தை அறிகிறது. உயரத்தையும் சேர்த்துச் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. செல்பேசிக் கோபுரம் எதுவும் தேவையில்லை. செல்பேசியிலும் இதே வசதி இருக்கிறது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மழையில் நனைந்த விரலால் அழுத்தக்கூடிய பொத்தான்களும், நண்பகல் வெயிலிலும் படிக்க முடிகிற திரையும், பல மாடல்களில் கடையில் வாங்கி உடனே மாற்றிக்கொள்ளக்கூடிய பென்சில் பேட்டரியும் கையடக்கக் கருவியில்தான் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்மின் நிறுவனத்தின் 'இன்ரீச்' போன்று, செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும் கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் அவற்றுடன் பிடிபட்டு வழக்கில் சிக்கிய பயணிகள் உண்டு. இடத்தை மட்டும் காட்டும் சாதாரணக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது, கருவி இடத்தை எந்த வடிவில் காட்டுகிறது என்பது. ஒரே இடத்தை டிகிரி மட்டுமாகவும், டிகிரி–நிமிடமாகவும், டிகிரி–நிமிடம்–விநாடியாகவும் எழுதலாம். கொடைக்கானல் நகரத்தின் அட்சரேகை 10.2381 டிகிரி. டிகிரி–நிமிட வடிவில் இதுவே 10 டிகிரி 14.286 நிமிடம். உதவி கேட்டு அழைக்கும் ஒருவர் "பத்து, இருபத்து மூன்று, எண்பத்தொன்று" என்று மட்டும் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் அதை 10 டிகிரி 23.81 நிமிடம் என்று எழுதிக்கொண்டால், தேடுவோர் உண்மையான இடத்துக்குப் பதினேழரை கிலோமீட்டர் வடக்கே போய் நிற்பார்கள். குழுவில் உள்ள அனைவரும் ஒரே வடிவை வைத்துக்கொள்வதும், வாயால் சொல்லும்போது "டிகிரி", "புள்ளி", "நிமிடம்" என்ற சொற்களை விடாமல் சொல்வதும், எழுதியவரைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பதும் இதனால்தான் மிக முக்கியம்.

அடுத்தது, வரைபட ஆதாரம், அதாவது அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமியின் கணக்கு வடிவம். கருவியில் அது 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்று இருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற வேறொரு ஆதாரத்தில் வரையப்பட்டவை என்பதால், அவற்றில் படித்த எண்ணை அப்படியே கருவியில் ஏற்றினால் இடம் சற்று விலகி விழும். மீட்டர் கணக்கில் கட்டம் போட்ட யு.டி.எம். முறையைப் பயன்படுத்துவோர் மண்டல எண்ணையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இரு மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை தமிழகத்தின் ஊடே செல்வதால் கொடைக்கானல் 43-ஆம் மண்டலத்திலும் மதுரை 44-ஆம் மண்டலத்திலும் வருகின்றன.

பேட்டரி வகையையும் அமைப்பில் சொல்லிவிட வேண்டும். மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் பேட்டரியின் அழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைன் பேட்டரிக்கு 1.5 வோல்ட். வகையைத் தவறாக வைத்தால் மீதி எவ்வளவு என்று காட்டும் அளவு பொய்யாகிவிடும். ஒரு நாள் நடைக்கும் இரண்டு இணை உதிரி பேட்டரிகளை நீர் புகாத உறையில் எடுத்துச் செல்வது என் வழக்கம்.

தொடக்கப்புள்ளி

நடை தொடங்கும் இடத்தில், மரத்தடியை விட்டு வானம் நன்றாகத் தெரியும் திறந்தவெளிக்கு வந்து கருவியை இயக்கிவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். நேற்றுப் பயன்படுத்திய கருவி ஒரு நிமிடத்துக்குள் தன் இடத்தை அறிந்து நிலைபெற்றுவிடும். மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்ததானால், செயற்கைக்கோள்களின் அட்டவணை முழுவதையும் புதிதாகப் பெற வேண்டியிருக்கும். அந்த அட்டவணை ஒருமுறை முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும் என்பதால் கால் மணி நேரம்கூடக் காத்திருக்க நேரலாம். செயற்கைக்கோள்களைக் காட்டும் திரைப்பக்கத்தில் பிழை அளவு 5 மீட்டர் அளவுக்கு இறங்கியதைக் கண்ட பிறகே 'மார்க்' பொத்தானை அழுத்தி அந்த இடத்தைப் பதிய வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதன்முறை கும்பக்கரையிலிருந்து ஏறியபோது, விடியும் முன் கிளம்பும் அவசரத்தில் கருவி நிலைபெறும் முன்பே பதிந்துவிட்டேன். முந்தைய இரவு அணைத்த இடமான மதுரை வீட்டையே அது தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொண்டது. மாலையில் வெள்ளகவிக்குக் கீழே பனி சூழ்ந்து, வந்த பாதை எதுவென்று தெரியாமல் அந்தப் புள்ளியை நோக்கி வழி கேட்டபோது, அம்பு தென்கிழக்கே திரும்பி 70 கிலோமீட்டர் என்று காட்டியது. அன்று எங்களைக் காப்பாற்றியது, நடந்த வழியைக் கோடாகத் தானே பதிந்தபடி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த தடப்பதிவு மட்டுமே. திரையை 50 மீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, காலையில் ஏறி வந்த கோட்டின் மீதே அம்பு இருக்கும்படி பார்த்துப் பார்த்து நடந்து, இரவு எட்டு மணிக்கு அருவியை அடைந்தோம்.

ஆகவே புள்ளியைப் பதிந்த கையோடு, பழைய தடத்தைத் தனியே சேமித்து, நடப்புப் பதிவிலிருந்து அழித்துவிட்டு, புதிய தடப்பதிவு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். பதிவு இடைவெளியைத் 'தானியங்கி' என்று விட்டுவிடுவதே போதும். திரும்பும்போது 'ட்ராக்பேக்' என்ற வசதி இந்தக் கோட்டையே தலைகீழாக்கி வழிகாட்டும்.

நடக்கும்போது

பாதை பிரியும் இடங்களைத் தவறாமல் பதிய வேண்டும். மலையேறும்போது நம் பாதையில் பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் கிளைகள் கண்ணில் படுவதே இல்லை. இறங்கும்போதுதான் அவை இரண்டு சமமான பாதைகளாக எதிரே நிற்கும். அதனால் அவ்வப்போது நின்று திரும்பிப் பார்த்து, இங்கே இறங்கி வந்தால் குழப்பம் வரும் என்று தோன்றும் இடத்தையெல்லாம் "பிரிவு 1", "பிரிவு 2" என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிடைக்கும் ஓடை, கடக்கக் கடினமான பாறை ஆகியவற்றையும் குறிக்கலாம். அதற்குமேல் புள்ளிகளைக் குவித்தால் தேவைப்படும் நேரத்தில் எது எதுவென்று தெரியாது.

ஒரு புள்ளியைத் தேர்ந்து அதை நோக்கிச் செல்லப் பணித்தால், கருவி காட்டுவது பறவை பறக்கும் நேர்க்கோடு. டால்பின் நோஸ் போன்ற செங்குத்தான விளிம்பில் நிற்கும்போது கீழே உள்ள ஊர் அம்பின்படி மிக அருகில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் அந்தக் கோட்டில் கால் வைக்க நிலமே இருக்காது. அம்பு திசைக்கு மட்டும்தான். நடப்பது எப்போதும் பாதையில்தான். மேலும், மின்னணுத் திசைகாட்டி இல்லாத மாடல்கள் நாம் நகரும்போது மட்டுமே திசையை அறியும். நின்ற இடத்தில் அம்பு சுழன்றால் பதற வேண்டாம், திரும்பி வர முடிகிற பாதுகாப்பான பாதையில் இருபது அடி நேராக நடந்தால் அது தெளிந்துவிடும். திசைகாட்டி உள்ள கருவியில் பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும், திரை சொல்லும்படி மூன்று அச்சுகளிலும் சுற்றி அதை நேர்செய்துவிடுங்கள்.

சோலைக்குள் நுழைந்ததும் துல்லியம் குறையும். ஈரமான அடர்ந்த இலைப்பரப்பு அலைகளை மங்கச் செய்கிறது, பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் தொலைவை அதிகமாகக் காட்டுகின்றன. அப்போது தடம் நேர்க்கோடாக இல்லாமல் இங்குமங்கும் கிறுக்கியதுபோல் விழும், நடந்த தூரமும் கூடுதலாகச் சேரும். கருவியைக் கால்சட்டைப் பையில் வைக்காமல் முதுகுப்பையின் தோள்பட்டையில் மாட்டுவது நல்லது. மேலே குமிழ்போல் ஆண்டெனா நீண்ட கருவியை நிமிர்த்தியும், தட்டையான ஆண்டெனா உள்ளதைத் திரை வானத்தைப் பார்க்கும்படியும் பிடிக்க வேண்டும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்து இயக்கினால் காட்டுக்குள் நிலை எளிதில் அறுபடாது, பேட்டரி மட்டும் சற்று வேகமாகத் தீரும். இடப்பிழையைத் திருத்தும் செயற்கைக்கோள் குறிப்புகளைப் பெற உதவும் 'வாஸ்' என்ற அமைப்பையும் இயக்கி வையுங்கள். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் திருத்தக் குறிப்புகளும் அதே வகையைச் சேர்ந்தவை.

ஜி.பி.எஸ். தரும் உயரம், கிடைமட்ட இடத்தைவிடக் குறைந்த துல்லியம் கொண்டது. காற்றழுத்தமானி உள்ள கருவியென்றால் உயரம் தெரிந்த இடத்தில் அதைத் திருத்திக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே உயரம் ஏறிக்கொண்டே போனால் காற்றழுத்தம் குறைகிறது என்று பொருள், மழைக்கு ஆயத்தமாகுங்கள்.

பழகும் விளையாட்டு

2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரம் ஒரு வாளியில் பொருள்களை மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்ணை இணையத்தில் வெளியிட்டார். 'ஜியோகேச்சிங்' பிறந்தது அப்படித்தான். பிள்ளைகளுக்கு இந்தக் கருவியைக் கற்றுத்தர இதைவிட நல்ல வழி இல்லை. ஊர்ப் பூங்காவிலோ சொந்தத் தோட்டத்திலோ ஒரு டப்பாவை மறைத்து, எண்ணை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கடைசி ஐந்து மீட்டரில் கருவி கைவிட்டுக் கண்கள் வேலை செய்யத் தொடங்குவதை அவர்களே கண்டுகொள்வார்கள். வனப்பகுதியில் எதையும் மறைத்து வைக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாகக் கணினிக்கு மாற்றி, தேதியும் பாதையின் பெயரும் இட்டுச் சேமியுங்கள். அனுமதி பெற்று மட்டுமே செல்லக்கூடிய காட்டின் தடத்தைப் பொதுவெளியில் பகிர வேண்டாம், அந்தக் கோட்டை மட்டும் நம்பி வழிகாட்டி இல்லாமல் யாராவது கிளம்பிவிடக்கூடும். மண் ஒட்டிய கருவியை ஈரத்துணியால் துடைத்து, பேட்டரி அறையின் ரப்பர் விளிம்பில் மணல் இல்லாமல் பாருங்கள். அந்த ஒரு துகள் போதும், அடுத்த மழையில் நீர் உள்ளே புக. சில வாரங்களுக்கு எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரிகளைக் கழற்றித் தனியே வையுங்கள்.