பந்தைப் பார்க்காதீர்கள்: மிஷிகன் ஃபுட்பால் அணிக்கு ரசிகராவது எப்படி

ஆன் ஆர்பருக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளும், பக்கத்து ஊர்களுக்கு வேலைக்கு வருகிறவர்களும் செப்டம்பர் பிறந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த ஃபுட்பாலில் அப்படி என்ன இருக்கிறது?" நம் ஊர்க் கால்பந்து இல்லை இது, அமெரிக்க ஃபுட்பால்; ஆடுவது இங்கே இருக்கிற மிஷிகன் பல்கலைக்கழக அணி. ஊரே மக்காச்சோள மஞ்சளும் கருநீலமுமாக மாறியிருக்கும். மளிகைக் கடை கல்லாவில் நிற்கிற பெண் முதல் பல் டாக்டர் வரை போன சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நமக்கு ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த முறை எழுதிவிடுகிறேன்.

நான் ரசிகையானது 2014-ல். அந்த சீசனில் மிஷிகன் ஆடிய 12 ஆட்டத்தில் வென்றது ஐந்துதான். கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. அவர் மனைவிக்கு முழங்கால் வலி, அத்தனை படி இறங்கி ஏற முடியாது. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் இரண்டு ஆட்டம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. திபுதிபுவென்று ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், விழுகிறார்கள், விசில். பந்து எங்கே போனது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். மூன்றாவது ஆட்டத்தில் அவர் சொன்னார்: "பந்தை விட்டுவிடு. நடுவில் குனிந்து நிற்கிற அந்த ஐந்து பேரை மட்டும் பார்." நான் ரசிகையானது அந்த நிமிடத்தில்தான். உங்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

அதற்கு முன் தெரிய வேண்டிய விதி கொஞ்சம்தான். களம் 100 யார்டு நீளம், பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். பந்தோடு ஓடினால் ஓட்டம், இன்னொருவருக்கு வீசினால் பாஸ். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். எதிரணிப் பக்கத்துக் கடைசி எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி கூடும். டச்டவுன் முடியாத தூரத்திலிருந்து உதைத்துப் போட்டால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. மூன்று டவுனில் 10 யார்டு தேறாவிட்டால் பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணிக்கு எட்டத் தூக்கி உதைத்துவிடுவார்கள். அது பன்ட். இது போதும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாக வரும்.

ஐந்து பேரைப் பார்ப்பது

நடுவில் இருப்பவர் சென்டர். அவர் கையிலிருந்துதான் பந்து பின்னால் போகும். அவருக்கு இரு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டாக்கிள். இந்த ஐந்து பேரும் சேர்ந்ததுதான் அஃபென்சிவ் லைன். ஆளுக்கு 130, 140 கிலோ இருப்பார்கள். முதுகில் 50-க்கும் 79-க்கும் இடைப்பட்ட எண். வழக்கமான ஆட்டத்தில் இவர்கள் பாஸ் பிடிக்கக் கூடாது. பந்தையே தொடாமல் நான்கு வருடம் ஆடிவிட்டுப் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

ஒரு கார்டை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து அசைந்ததும் அவர் தலை தாழ்ந்து முன்னால் பாய்ந்தால், அது ஓட்டம். தலை நிமிர்ந்து, கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கினால் பாஸ். தன் இடத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பெரும்பாலும் பந்தும் அவர் போகிற பக்கம்தான் வரப்போகிறது. இதைப் பிடித்துவிட்டால், பந்து யார் கையில் இருக்கிறது என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஆட்டம் தெரிந்துவிடும். பெரியவர் எனக்குக் கொடுத்த பயிற்சி இதுதான்: ஒரு கால்பகுதி முழுக்க, அதாவது 15 நிமிடக் கணக்கு, இடது கார்டைத் தவிர யாரையும் பார்க்கக் கூடாது. கூட்டம் எழுந்து கத்தினால்கூடத் திரும்பக் கூடாது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு இரண்டு ஓட்டத்தை நான் முன்கூட்டியே சொன்னேன். அவர் என் முதுகில் தட்டிய தட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மிஷிகன் அணிக்கு இந்தப் பார்வை இன்னும் நன்றாகப் பொருந்தும். நாட்டிலேயே சிறந்த அஃபென்சிவ் லைனுக்குக் கொடுக்கிற ஜோ மூர் விருதை 2021, 2022 இரண்டு வருடமும் வாங்கியது எங்கள் அணிதான். 2021 நவம்பர் 27-ல், பனி கொட்டக் கொட்ட எங்கள் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 42–27 என்று வென்றபோது பந்தோடு ஓடுகிற எங்கள் ஆட்டக்காரர் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச்டவுன் போட்டார். பேப்பரில் அவர் படம் வந்தது, வர வேண்டியதுதான். அணி அன்றைக்கு ஓடி எடுத்த 297 யார்டுக்கும் வாசல் திறந்து கொடுத்தவர்கள் அந்த லைன் பையன்கள். 2023-ல் பென் ஸ்டேட் களத்தில் கணக்குப்படி தொடர்ந்து 32 முறை ஓட்டம் மட்டுமே ஆடி 24–15 என்று வென்றார்கள். பந்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது சலிப்பான ஆட்டம். எனக்கு அது விருந்து.

அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற லைன்மேன்களில் ஒருவரை உங்கள் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் அவர் பெஞ்சில்தான் இருப்பார். இரண்டாம் வருடம், ஆட்டம் ஏற்கெனவே கைக்கு வந்த பிறகு கடைசிப் பத்து நிமிடம் இறக்குவார்கள். கூட்டம் கிளம்பிப் போயிருக்கும், நீங்கள் உட்கார்ந்து அவர் காலடியைப் பாருங்கள். இப்போதெல்லாம் டிரான்ஸ்பர் வழியாகப் பையன்கள் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள். உங்கள் ஆளும் ஒருநாள் போய்விடலாம். போகிற இடத்தில் நன்றாக ஆடட்டும் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரைப் பாருங்கள்.

என் ஆளாக இருந்தவர் எண் 65, ஸாக் ஸின்டர், வலது கார்டு. 2023 நவம்பர் 25, ஒஹாயோ ஆட்டம், எங்கள் மைதானம். மூன்றாம் கால்பகுதியில் 17–17. ஒரு குவியல் கலைந்தபோது அவர் எழவில்லை. கால் முறிந்துவிட்டது. ஒரு லட்சம் பேர் இருந்த இடத்தில், படிக்கட்டில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. இரண்டு அணிப் பையன்களும் முட்டி போட்டிருந்தார்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆட்டம் தொடங்கிய அடுத்த நொடி எங்கள் ஓட்டக்காரர் பிளேக் கோரம் பந்தை வாங்கி 22 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். போட்டுவிட்டுக் கையுயர்த்தி விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். அன்று 30–24 என்று வென்றோம். ஜனவரி 8 ஹூஸ்டனில் வாஷிங்டனை 34–13 என்று வென்று, 15 ஆட்டத்தில் ஒன்றும் தோற்காமல் சாம்பியன் ஆனோம்.

மைதானத்துக்குப் போகும்போது

முதல் முறை போகிறவர்கள் செப்டம்பரில், சிறிய கல்லூரியோடு நடக்கிற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் மலிவு, வெயில் இதமாக இருக்கும். ஒஹாயோ ஆட்ட டிக்கெட் யானை விலை.

1927-ல் திறந்த மைதானம். 1,07,601 பேர் உட்காரலாம், எல்லோரும் சொல்வது பிக் ஹவுஸ் என்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பெரிதாகவே தெரியாது. பெரும்பகுதி தரைக்குக் கீழே பள்ளமாக இருக்கிறது. வாசலில் நுழைந்து இரண்டடி வைத்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல மொத்தமும் கண் முன்னால் விரியும். 1975 நவம்பரிலிருந்து இங்கே கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதில்லை. கொரோனா வருடம் மட்டும் விதிவிலக்கு.

கைப்பை கொண்டு போகாதீர்கள். ஒரு முறை தோளில் பையோடு போய், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு மைல் நடந்து காரில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் கால்பகுதி முடிந்துவிட்டது. குடைக்கும் அனுமதி இல்லை, மழைக்கோட்டுதான். டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அத்தனை பேர் கூடுகிற இடத்தில் நெட்வொர்க் நின்றுவிடும். கிழக்குப் பக்கம் சீட் என்றால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், தொப்பி வேண்டும். நவம்பரில் அலுமினிய பெஞ்சிலிருந்து குளிர் எலும்புக்குள் ஏறும். இரண்டு ஜோடிக் காலுறை போட இடம் இருக்கிற பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம், ஸ்வெட்டர்கூட. சிவப்பு ஒஹாயோவுக்கு உரியது.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். எதிரே இருக்கிற பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகத்திலும் பக்கத்து கோல்ஃப் மைதானத்திலும் கார் டிக்கியைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் கொண்டு போவது புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். ஆறினாலும் ருசி குறையாது. பக்கத்துக் காரில் இருப்பவர்களுக்கு ஒரு தட்டு கொடுத்தால் சீசன் முழுக்க நட்பு. அப்புறம், பேண்ட் வாத்தியக்காரர்கள் நுழைவதைத் தவறவிடாதீர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்குகிற டிரம் மேஜர் பின்னால் வளைந்து தலையால் தரையைத் தொடுவார்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு

பகல் 12 மணி, மாலை 3.30, இரவு 7.30 என்று ஏதாவது ஒன்றில் தொடங்கும். பல ஆட்டங்களுக்கு நேரம் முடிவாவதே ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்னால்தான். அதனால் அக்டோபர் சனிக்கிழமையில் வளைகாப்பு வைக்காதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். ஊரிலிருந்து பார்க்கிற அண்ணன் மகனுக்கு 12 மணி ஆட்டம் இரவு 9.30-க்கு வரும், இங்கே நவம்பரில் கடிகாரம் மாறியதும் 10.30.

கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், லைனைக் காட்டாது. பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாருங்கள். விளம்பரத்தையும் இடைவெளியையும் தள்ளிவிட்டால் ஒரு மணி நேர வேலை. சனிக்கிழமை மனசால் பார்த்ததை ஞாயிறு கண்ணால் பார்க்கலாம்.

ஞாயிறு மதியம் வருகிற தரவரிசையை அக்டோபர் முடியும்வரை பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 சீசனிலிருந்து சாம்பியனை முடிவு செய்கிற கடைசிச் சுற்றான பிளேஆஃபில் 12 அணி. ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்தது என்ற காலம் போய்விட்டது.

எதிரிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மினசோட்டாவோடு ஆடுவது ஒரு ஜாடிக்காக. 1903-ல் மினியாபோலிஸ் போன பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், அங்கே கொடுக்கிற தண்ணீரை நம்பாமல் 30 சென்ட்டுக்கு ஒரு ஜாடி வாங்க வைத்தார். ஆட்டம் 6–6, ஜாடி அங்கேயே நின்றுவிட்டது. திருப்பிக் கேட்டால், வந்து ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். இன்றும் ஜெயிப்பவருக்கு ஜாடி. ஒஹாயோவோடு ஆடத் தொடங்கியது 1897-ல். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஒற்றைப்படை வருடங்களில் ஆன் ஆர்பரில். அந்த வாரம் கொலம்பஸ் ஊரில் இருக்கிற அவர்கள் வளாகத்தில் பலகைகளில் இருக்கிற எம் எழுத்தையெல்லாம் சிவப்பு நாடாவால் அடித்து வைப்பார்கள்.

தோற்ற அன்று

2015 அக்டோபர் 17, இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிஷிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். 23–21 என்று முன்னால் இருக்கிறோம், பத்து நொடி பாக்கி. ஒரு பன்ட் உதைத்தால் முடிந்தது. பந்து உதைப்பவர் கையில் நிற்காமல் நழுவியது, எதிரணி எடுத்து ஓடிவிட்டது. 27–23. எங்கள் வரிசையில் யாரும் எழவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பையனை இணையத்தில் கொல்லுவேன் வெட்டுவேன் என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தோற்றதைவிட அதுதான் வலித்தது.

கண்டிப்பாகச் சொல்கிறேன், ஆடுகிற பையன்களின் இணையப் பக்கத்துக்குப் போய் ஒரு வார்த்தை தப்பாக எழுதாதீர்கள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வயது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போக வேண்டியவர்கள். ஆட்டம் முடியும்வரை இருங்கள், தோற்றாலும் இருங்கள். ஒரே சுரங்க வழியாகத்தான் இரண்டு அணியும் உள்ளே போகும். கடைசியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் லைன் பையன்கள், சேறும் சிராய்ப்புமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு. கீழ்வரிசைக்கு இறங்கிப் போய், உங்கள் ஆளின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டுங்கள். எண் 65 இரண்டு முறை என் பக்கம் தலையசைத்திருக்கிறார்.