மெரினா கருமணலில் காந்தப்புலத்தைப் பார்ப்பது எப்படி

காந்தப்புலம், அதாவது காந்தத்தைச் சுற்றி அதன் விசை பரவியிருக்கும் பகுதி, கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் மெரினாவில் அலை வந்து போன ஈரத்தில் வரி வரியாகக் கிடக்கும் கறுப்பு மணலை ஒரு பிடி அள்ளி வந்தால் வீட்டிலேயே அதைப் பார்த்துவிடலாம். அந்தக் கறுப்பில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் கலந்திருக்கிறது.

மணலை நன்றாகக் காயவையுங்கள். சட்டக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத் துழாவினால் துகள்கள் கொத்தாக ஒட்டும், அப்புறம் காந்தத்தை வெளியே இழுத்தால் பொடி தானாக உதிர்ந்துவிடும். கவர் இல்லாமல் மட்டும் துழாவாதீர்கள், சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, இப்போது காந்தத்தின் மேல் வெள்ளை அட்டையை வைத்து, பொடியை உப்புத் தூவுவதுபோல் தூவி, விரலால் மெல்லத் தட்டுங்கள். இரண்டு முனைகளிலும் துகள்கள் முள்முள்ளாக எழுந்து நிற்கும், பக்கவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வில்லாக வளையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. துகள்கள் நெருக்கமாகக் கூடும் இடத்தில்தான் புலம் வலுவானது.

எது வடமுனை? காந்தத்தைத் தையல் நூலில் கிடையாகக் கட்டி, இரும்பு பீரோவிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். ஆடி அடங்கியதும் வடக்கைக் காட்டுவதுதான் வடமுனை. சென்னையில் கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நின்றால் எதிரே இருப்பது வடக்கு. இன்னொரு காந்தத்தின் வடமுனையை, தொங்கும் காந்தத்தின் வடமுனைக்குக் கிட்டே கொண்டுபோனால் இது விலகி ஓடும், தென்முனையைக் காட்டினால் பாய்ந்து வந்து ஒட்டும்.

காந்தத்தை அடிக்கடி கீழே போடாதீர்கள், அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள். வலு குறைந்துவிடும்.