பாறைக்குட்டைகளைப் பார்ப்போரும் படமெடுப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டம், கடியப்பட்டணம் போன்ற குமரி மாவட்டப் பாறைக்கரைகளில், கடல் வற்றும்போது பள்ளங்களில் தங்கிவிடும் நீரைக் குனிந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர், இரண்டு நிமிடத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பள்ளத்துக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவல்தான் முதல் தவறு; மற்ற தவறுகளில் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன. வெண்கூம்புகளாகப் பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகள், நீருக்குள் இருக்கும்போது இறகு போன்ற கால்களை வீசி உணவைச் சலித்தெடுப்பவை. மேலே ஒரு நிழல் கடந்தால் போதும், கால்களை இழுத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். குழாய்ப்புழுக்களும் அப்படியே செய்யும். சிறு மீன்கள் இடுக்குக்குள் போய்விடும். ஆகவே நாம் கண்ட வெறுமை பெரும்பாலும் நம் நிழல் உண்டாக்கிய வெறுமையே. சூரியன் முகத்துக்கு எதிரே இருக்கும்படி, நிழல் பின்னால் விழுமாறு உட்கார்ந்து, அசையாமல் பத்து நிமிடம் காத்திருந்தால், வெற்றுச் சங்கு என்று நினைத்தது கால்முளைத்து நடப்பதையும், மணல் ஒட்டிய கட்டியாகக் கிடந்தது கடல் சாமந்தியாக விரிவதையும் காணலாம்.

நேரத்தைக் கணிப்பதில் நேரும் பிழை, நம் கரைக்கே உரிய ஒரு காரணத்தால் வருகிறது. பிற நாட்டுக் கையேடுகள் பல மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறி இறங்கும் கரைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டிலேயே கட்ச் வளைகுடாவில் அத்தகைய பெரிய ஓதம் உண்டு; ஜாம்நகர் அருகிலுள்ள நராராவில் நீர் வற்றியதும் பவளத் திட்டின்மேல் நடந்துபோகலாம். தமிழ்நாட்டுக் கரையிலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டர் அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். இவ்வளவு சிறிய இறக்கத்தைக் காற்றும் அலையும் எளிதில் விழுங்கிவிடும் என்பதால், ஓத அட்டவணையை மட்டும் நம்பிக் கிளம்புபவர் அலை மோதும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாள்களிலும் வற்றம் ஆழமாக இருக்கும். அந்நாள்களில் காற்று எழாத காலைப்பொழுதில் வற்றம் அமைகிறதா என்று பார்த்து, வற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே போய், அது திரும்பத் தொடங்கியதும் நாமும் திரும்பிவிடலாம். வற்றத்தின் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மறந்து, நேற்றைய நேரத்துக்கே இன்றும் வருபவர்கள் உண்டு.

இதைவிட ஆபத்தானது, கடல் அமைதியாகத் தெரிகிறது என்பதற்காக அதற்கு முதுகு காட்டி உட்காருவது. தெற்கே வெகுதொலைவில் வீசிய புயல்களிலிருந்து கிளம்பிவரும் நீள அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் குமரிக் கரைக்கும் இதற்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. 2024 மே மாதம் இம்மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்ததும் அத்தகைய எச்சரிக்கை இருந்த வேளையில்தான். கேமராவின் திரையில் கண்ணை வைத்திருப்பவருக்கு அலை தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் உடன் இருக்க வேண்டும்.

கல்லைப் புரட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லின் மேற்புறத்தில் வெயிலை நாடும் பாசிகளும், அடிப்புறத்தில் ஈரமும் இருளும் வேண்டும் கடற்பஞ்சுகளும் முட்டைத் தொகுதிகளும் இருக்கும். புரட்டிய கல்லை அப்படியே விட்டுப்போனால் இரு பக்கமும் சாகும். கையில் அடங்கும் கல்லாக இருந்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த பக்கமாகவே, இருந்த இடத்திலேயே வைக்கலாம். பெரிய கல்லைத் தொடாமல் விடுவதே நல்லது, ஏனெனில் அதைத் திரும்ப வைக்கும்போதே அடியில் ஒதுங்கிய நண்டு நசுங்கிவிடும். நடக்கும்போதும் பாசி படர்ந்த இடத்தையும் சிப்பிக் கூட்டத்தையும் மிதிக்காமல் வெறும் பாறையில் கால் வைத்தால், உயிர்களும் பிழைக்கும், நாமும் வழுக்கி விழ மாட்டோம்.

நல்ல படத்துக்காக உயிரை இடம் மாற்றுவது இன்று சாதாரணமாகிவிட்டது. நட்சத்திர மீனைப் பாறையிலிருந்து பிய்த்தெடுத்தால் அதன் குழாய்க் கால்கள் அறுந்துவிடும். தொப்பி வடிவ ஓட்டு நத்தைகளில் பல வகைகள் தம் ஓட்டின் விளிம்புக்கு ஏற்பப் பாறையில் ஒரு தடத்தைத் தேய்த்து, மேய்ந்த பின் அதே தடத்துக்குத் திரும்பும். நெம்பி எடுத்து வேறிடத்தில் வைத்தால் அந்தப் பொருத்தம் போய், ஈரம் இழந்து வறண்டுவிடக்கூடும். நண்பகலில் சூடேறிய சிறு குட்டைக்கும் பக்கத்திலிருக்கும் ஆழமான குட்டைக்கும் வெப்பமும் உப்பும் வேறு என்பதால், அடுத்த பள்ளத்துக்கு மாற்றுவதும் ஓர் உயிருக்குப் பெரிய அதிர்ச்சிதான். அழகிய கோலமிட்ட கூம்புச் சங்கைக் கையிலெடுப்பது நமக்கே கேடு. அதற்குள் உயிர் இருந்தால் நஞ்சு ஊசியால் குத்தும், சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்ல வல்லது, அதற்கு முறிமருந்தும் இல்லை.

படமெடுப்பதில் எல்லோரையும் முதலில் ஏமாற்றுவது நீர்ப்பரப்பின் பளபளப்பு. என் தொடக்ககாலப் படங்களில் மீனைவிட மேகமே அதிகம். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்து அதை மாட்டிக்கொண்டு நேர்மேலிருந்து எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் அது முழுமையாகப் பயன்படும். ஆனால் அவ்வளவு சாய்ந்து பார்த்தால் ஒளிவிலகலால் உருவம் கோணும். ஆகவே நேர்மேலிருந்து எடுப்பதானால் ஒரு கறுப்புக் குடையை விரித்து, குட்டைமேல் வானம் பிரதிபலிக்காதபடி மறைப்பதே எளிய வழி. குடையின் நிழலுக்கும் உயிர்கள் ஒளிந்துகொள்ளும் என்பதால் அதை அசைக்காமல் நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். கேமராவோடு சேர்ந்த ஃபிளாஷ் நீரில் பட்டுத் திரும்பும், அதை அணைத்துவிடலாம். தானியங்கிக் குவியம் நீர்ப்பரப்பில் மிதக்கும் தூசியைப் பிடித்துக்கொண்டால், கையால் குவித்துக்கொள்ளலாம்.

நீர்புகாத கைபேசி என்ற நம்பிக்கையில் அதை அப்படியே குட்டையில் அமிழ்த்துபவர்கள், நீர்புகாமையைக் குறிக்கும் ஐபி68 என்ற தரச் சோதனை நன்னீரில் நடத்தப்படுவது என்பதை அறிந்திருக்க வேண்டும். உறையில்லாமல் உப்புநீரில் இறக்க வேண்டாம். தெறித்துவிட்டால் உடனே நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும்.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிச் செல்வது குற்றம். மற்றக் கரைகளிலும் பவளமோ கடல் அட்டையோ எடுப்பதை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. செத்த பவளத்துண்டுக்கும் இது பொருந்தும். வெறும் சங்கை எடுப்பதில் என்ன குறை என்று கேட்பார்கள். வளரும் துறவி நண்டு வீடு மாற்றத் தேடுவது அதைத்தான்.

கடைசித் தவறு, ஒரே கோணத்தில் எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு பெயரைச் சொல்லும்படி நிபுணரைக் கேட்பது. நண்டுக்கு முகமும் கொடுக்குகளும், ஓடில்லாக் கடல் நத்தைக்கு முன் உணர்கொம்பும் முதுகின் செவுளும், சங்குக்கு வாய்ப்புறமும் தெரிந்தால்தான் இனம் பிரிக்க முடியும். ஆனால் வாய்ப்புறத்துக்காகச் சங்கைப் புரட்ட வேண்டாம். அது தானே நகரும்போது எடுக்கலாம். அளவுக்கு ஒரு நாணயத்தை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து, நாள், நேரம், இடம், வற்றத்தின் நிலை ஆகியவற்றைக் குறித்து உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் பதிவேற்றலாம். கடற்குதிரை போல விலைபோகும் உயிரானால் இடத்தின் துல்லியக் குறிப்பை மறைத்துவிட வேண்டும். அந்தத் தளத்திலேயே அதற்கு வழி உண்டு.